சின்னத் தோட்டத்துக்கு டிராக்டர்: பின்னால் மாட்டும் கருவியிலிருந்து தொடங்குங்கள்

மூன்று, நான்கு ஏக்கர் வைத்திருப்பவர்கள் டிராக்டர் வாங்கப் போனால் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி எடுக்கலாம்?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. மண்ணில் வேலை செய்வது பின்னால் மாட்டும் கருவி. அதை இழுக்கவும் சுற்றவும்தான் டிராக்டர். பொள்ளாச்சிப் பக்கத்து நான்கு ஏக்கர் தென்னந்தோப்பை மனதில் வைத்து, எந்த வரிசையில் முடிவெடுப்பது என்று சொல்கிறேன்.

1. டேப்போடு தோட்டத்தைச் சுற்றுங்கள்

25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் எந்த வண்டியும் போகும். ஊடுபயிராக வாழை வந்துவிட்டால் கதை வேறு. 6 அடி இடைவெளியில் 40 எச்.பி வண்டியை விட்டால் மரம் சாயும். வேலி கேட், வாய்க்கால் பாலம், தொட்டி ஓரத்துத் திருப்பம் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். அதில் குறுகலான அளவுதான் வண்டியின் அகலத்தைத் தீர்மானிக்கும். சொட்டுநீர்க் குழாய் ஓடும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் உழவில் அறுபடுவது அதுதான்.

2. வருடத்துக்கு எத்தனை மணி நேரம்?

3 அடி ரொட்டவேட்டரில் (பிளேடுகள் சுழன்று மண்ணைக் கிளறும் கருவி) ஓர் ஏக்கர் ஓட்டச் சுமார் 2 மணி நேரம் ஆகும். 4 ஏக்கருக்கு வருடம் 4 ஓட்டு என்றால் 32 மணி. மணிக்கு 1,000 ரூபாய் வாடகை என்று வைத்தாலும் 32,000 ரூபாய்தான். இதற்காக மட்டும் கடன் வாங்கிப் புது வண்டி எடுக்காதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டரை வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பதியலாம்.

ஆனால் மழை பெய்து மண் பதமாக இருக்கும் இரண்டு மூன்று நாட்களில் ஊருக்கே வண்டி தேவைப்படும். நம் முறை வருவதற்குள் பதம் போய்விடும். உழவோடு காய் சுமப்பது, மட்டை அள்ளுவது, மருந்தடிப்பது எல்லாம் சேர்த்து வருடம் 150 மணி தேறினால் சொந்த வண்டி வாங்கலாம் என்பது என் அளவுகோல்.

3. கருவிகள்

முதலில் வாங்க வேண்டியது ரொட்டவேட்டர். அதன் அகலம், பின் டயர்களின் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் டயர் அமுக்கிய தடம் உழப்படாமல் கட்டியாகவே நிற்கும். தென்னையில் 4, 5 அங்குலத்துக்கு மேல் ஆழம் வைக்காதீர்கள். எங்கள் தோப்பில் முதல் வருடம் வட்டப்பாத்திக்குள்ளேயே ஆழமாக ஓட்டி, வேரை அறுத்துவிட்டோம். அந்த வரிசையில் குரும்பை உதிர்ந்ததைப் பார்த்த பிறகு, மரத்திலிருந்து 6 அடிக்குள் வண்டியே விடுவதில்லை.

ரொட்டவேட்டரை மட்டுமே வருடக்கணக்கில் ஓட்டினால் அடியில் மண் இறுகி, தண்ணீர் இறங்காது. அதனால் இரண்டாவதாக 5 கொத்துக் கலப்பை ஒன்று வேண்டும். விலை குறைவு, பழுதும் அரிது. பழையதே போதும்.

மூன்றாவது டிரெய்லர். மினி டிராக்டர்கள் பெரும்பாலும் ஒரு டன்னுக்குள் எடை உள்ளவை. பாரம் ஏற்றிய டிரெய்லர் சரிவில் வண்டியையே தள்ளிக்கொண்டு போகும். சின்னதாக எடுத்து, இரண்டு நடை போங்கள். டிரெய்லருக்குத் தனிப்பதிவு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டிக் கலப்பை, உளிக் கலப்பை, குழி தோண்டும் கருவி எல்லாம் வாடகைக்கே சரி. மட்டை தூளாக்கும் இயந்திரம் நல்ல பொருள், மட்டையை எரிக்காமல் மூடாக்காகப் போடலாம். பக்கத்துத் தோட்டத்தாரோடு சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும்.

4. இப்போது எச்.பி

விளம்பரத்தில் போடுவது எஞ்சினின் எச்.பி. ரொட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ எச்.பி, அதாவது கருவியைச் சுழற்ற வண்டியின் பின்னால் உள்ள தண்டில் கிடைக்கும் திறன். அது எப்போதும் குறைவு, வண்டிக்கு வண்டி வேறுபடும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ திறன், டீசல் செலவு, தூக்கும் எடை மூன்றும் அதில் இருக்கும். டீலரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

தென்னையும் ஊடுபயிரும் உள்ள தோப்புக்கு 24 முதல் 28 எச்.பி, நான்கு சக்கர இழுவை போதும். குபோட்டா நியோஸ்டார், மஹிந்திரா ஜீவோ, ஜான் டீர் 3028 இந்த வகை. சுவராஜ் 717 போன்ற 15 எச்.பி வண்டி களை உழவுக்குப் போதும், இறுகிய மண்ணில் திணறும்.

5. பணம் கட்டும் முன்

டெமோவை ஷோரூம் வாசலில் அல்ல, உங்கள் மண்ணில், உங்கள் குறுகலான வரிசையில் பாருங்கள். மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது, விலைப்பட்டியலில் சரிபாருங்கள். மானியம் வேண்டுமென்றால் விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். சிறு, குறு, பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் உச்சவரம்போடு தருகிறார்கள்.

6. முதல் நாள் ஓட்டும்போது

பி.டி.ஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். வேட்டி நுனியோ துண்டோ அதில் சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. தண்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றாதீர்கள். பிளேடில் கொடி சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் இறங்குங்கள்.