கொள்முதல் அதிகாரத்தை மாவட்டங்களுக்குக் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அரசுக் கொள்முதலைத் தலைநகரிலிருந்து மாவட்டங்களுக்கு இறக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாங்கும் பொறுப்பைக் கீழே கொடுத்துவிட்டு, பில்லைப் பாஸ் செய்யும் பிடியை மட்டும் மேலேயே வைத்துக்கொள்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 2014 வாக்கில் தொடங்கி இதைச் சோதித்தே பார்த்தார்கள். காகிதம், பேனா, டோனர் போன்றவற்றை வாங்கும் அலுவலர்களில் ஒரு பகுதியினருக்கு உடனடிச் செலவுக்குக் கையில் ரொக்கம் கொடுத்தார்கள். பில்லைச் சரிபார்த்துப் பாஸ் செய்யும் கணக்கு அலுவலகம் ஒரு பில்லுக்கு என்னென்ன ஆவணங்கள் கேட்கலாம் என்று பட்டியலும் போட்டார்கள். அந்த அலுவலர்கள் வாங்கிய விலை சராசரியாக 9 சதவீதம் குறைந்தது, தரம் குறையவில்லை. அதிலும் நிதியாண்டு முடியும் ஜூன் வரை பில்லை இழுத்தடிக்கும் கணக்கு அலுவலகங்களின் கீழ் இருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். பணம் எப்போது கைக்கு வரும் என்று தெரியாத வியாபாரி, காத்திருக்கும் செலவையும் சேர்த்துத்தானே விலை சொல்வார்? எனவே ஊழலுக்குப் பயந்து இன்னொரு கையெழுத்தைச் சேர்க்கும் முன், அந்தக் கையெழுத்துக்கு ஆகும் செலவையும் கணக்கிட வேண்டும்.

அடுத்த தவறு, பாக்கியைக் கவனிக்காமல் விடுவது. கென்யாவில் 2010 அரசியலமைப்பின்படி 2013-இல் 47 கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) அரசுகள் பொறுப்பேற்றன, பெரும்பாலான அரசு மருத்துவமனைகளும் அவற்றின் கைக்கு வந்தன. தேவையான மருந்தை அவையே தேசிய மருந்து வழங்கல் அமைப்பிடம் கேட்டு வாங்கின. ஆனால் கவுன்டிகளுக்கு வர வேண்டிய நிதியே தாமதமாக வந்தது. மருந்து வழங்கல் அமைப்புக்கு அவை தர வேண்டிய கடன் பில்லியன் கணக்கான ஷில்லிங்காகக் குவிந்தது. விற்ற சரக்குக்குப் பணம் வராவிட்டால் அந்த அமைப்பு கிடங்கை எதைக் கொண்டு நிரப்பும்? கடைசியில் நோயாளி வெளிக்கடைக்குச் சீட்டோடு போகிறார். அதிகாரத்தைக் கொடுக்கும் அன்றே நிதி வரும் தேதியையும் உறுதி செய்யாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, எல்லாவற்றையும் அந்தந்த ஊரே பேரம் பேசி வாங்கட்டும் என்று விட்டுவிடலாமா? அதுவும் தவறு. பாராசிட்டமால் மாதிரி எல்லா ஊருக்கும் வேண்டிய பொருளுக்கு மாவட்டத்துக்கு ஒரு டெண்டர் போட்டால் மொத்தமாக வாங்கும் பலம் போய்விடும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதை நன்றாகப் பிரித்தது. டெண்டரும் விலையும் தரப் பரிசோதனையும் சென்னையில். எந்த மருந்து, எவ்வளவு என்பதை முடிவு செய்வது மருத்துவமனை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் உள்ள தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கூரை பழுது, தண்ணீர்க் குழாய் போன்ற உள்ளூர் வேலைகள் வேறு. அவற்றுக்குத் தலைநகரின் அனுமதி தேவையே இல்லை.

அப்புறம், டெண்டர் வரம்புக்குள் (அதைத் தாண்டினால் டெண்டர் கட்டாயம் என்ற தொகைக்குள்) அடங்க ஒரே கொள்முதலைத் துண்டு துண்டாக வெட்டும் பழக்கம். வரம்பை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தாமல் வைத்திருந்தால் நேர்மையான அலுவலரும் அதைத்தான் செய்வார். வரம்பை உயர்த்துங்கள். கூடவே, எந்த அலுவலகம் எந்தப் பொருளை என்ன விலைக்கு வாங்கியது என்பதை மாதாமாதம் வெளியிடுங்கள். பக்கத்து மாவட்டத்தின் விலை கண்ணில் பட்டால், கேள்வி கேட்க உள்ளூரிலேயே ஆள் இருப்பார்கள்.