பழைய வேட்டைத் துப்பாக்கி குறி சிதறினால் முதலில் கட்டையைப் பாருங்கள்

பினாங்கில் பழைய போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும்) துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருப்பவர்களுக்கு இது. ஒரு வாரம் குண்டுகள் நெருக்கமாக விழுந்து அடுத்த வாரம் சிதறினால், குழல் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில், குழல் பதிந்திருக்கும் மரக்கட்டை ஊறி வளைந்து, குழலை ஒரு பக்கமாக அழுத்தும். குழல் சூடாக ஆக குண்டு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அப்புறம் ஒரு 1 ரிங்கிட் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, நுனியிலிருந்து பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். சிக்கும் இடத்தில் மரம் உரசுகிறது. ஆனால் உடனே உப்புத்தாளை எடுக்க வேண்டாம். சில பழைய துப்பாக்கிகளில் கட்டையின் முனை குழலைத் தாங்கும்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள். மரத்தைச் செதுக்குவதை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

கட்டையைப் பிடிக்கும் திருகுகள், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். குண்டுகளிலிருந்து குழலுக்குள் படிந்த செம்பை அதற்கான திரவத்தால் நீக்கிவிட்டு, ஒரே வகைத் தோட்டாவை வைத்து, குழலை ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிதறினால் ஸ்கோப்பைச் சந்தேகிக்கலாம்.