ஏரி நிரம்பினால் வாத்து வராது: வேலூர்ப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வடஆர்க்காட்டில் குளிர்காலப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது காலண்டரை. டிசம்பர் வந்தாச்சு, லீவும் கிடைச்சாச்சு, காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டதாகச் செய்தியும் வந்தாச்சு, எடு வண்டியை. போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர், நடுவில் நாலு நீர்க்காகம். இந்த வட்டாரத்தில் வாத்து எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தேதியை விடத் தண்ணீர் மட்டம்தான். அதைக் கேட்காமல் போனால், மற்றதையெல்லாம் சரியாகச் செய்தும் பாதி நாள் வீண்.

காரணம் எளிது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், கிளுவை எல்லாம் முங்கி இரை எடுப்பவை அல்ல. மேல்நீரை அலகால் அலசும், இல்லையென்றால் தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் மேயும். கடைவாசல் ஓடுகிற ஏரியில், அதாவது நிரம்பி உபரித் தண்ணீர் வழிகிற ஏரியில், அடிமண் அவற்றுக்கு எட்டாது. போதாக்குறைக்கு, வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தில் குட்டை, தாங்கல், நடவு வயல் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். கூட்டம் சிதறிவிடும். தை பாதிக்கு மேல், மதகு திறந்து நீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பித்தால் நிலைமை மாறும். வாத்துகள் கூடும்; கருவால் மூக்கன், உள்ளான், பச்சைக்காலி எல்லாம் சேற்றுக்கு வரும். மழை பொய்த்த வருஷத்தில் கதை தலைகீழ்: சின்ன ஏரிகள் சீக்கிரம் வற்றிவிடும், தண்ணீர் மிச்சமிருக்கும் பெரிய ஏரியில் எல்லாம் வந்து குவியும்.

தண்ணீர் நிலவரத்தை ஏரி மீன் குத்தகை எடுத்தவர்களிடமும் கரையில் மாடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள். “கடைவாசல் ஓடுது சார், இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க? மாசி வாக்குல வாங்க” என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். எந்தச் செயலியும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

அடுத்தது வெயில். நம் பக்கம் நிலம் பெரும்பாலும் கிழக்கே சாய்வதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால்; தட்டைவாயனின் பச்சைத் தலைகூடப் பளிச்சென்று தெரியும். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். ஆனால் மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் விலகவே ஏழரை ஆகிவிடும். அதுவரை கரையோரக் கோரையைக் கவனிப்பது புத்திசாலித்தனம். அது ஏன் என்று கீழே வருகிறது.

அடையாளத்தில் நடக்கும் தவறுகளில் முதலிடம் நாட்டு வாத்துக்கு. அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில் மேய்க்கப்படும் பழுப்பு வாத்துகளைத் தூரத்திலிருந்து படமெடுத்து, “அரிய வாத்துக் கூட்டம்” என்று குழுவில் போடுவது வருஷா வருஷம் நடக்கிறது. படத்தின் ஓரத்தில் கோலோடு ஓர் ஆள் நிற்பார்.

இரண்டாவது, பெண் வாத்துகள். ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேல் பட்டையாக வெள்ளைப் புருவம் உண்டு. ஆனால் வலசை வந்த புதிதில் அது பெண்ணைப் போலவே மங்கலாகத்தான் இருக்கும். குளிர்காலம் பாதி போன பிறகே முழு நிறம் ஏறும். ஆகவே நவம்பரில் “எல்லாமே பெண்” என்று எழுதிவிடாதீர்கள். பெண் நீலச்சிறகியையும் பெண் கிளுவையையும் பிரிக்க முகத்தைப் பாருங்கள். நீலச்சிறகிக்குக் கண் வழியே ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொன்று, அலகின் அடியில் வெளிறிய புள்ளி. கிளுவையின் முகம் இவ்வளவு கோடு போட்டிருக்காது. இறக்கையில் பச்சைத் திட்டு, வாலின் பக்கவாட்டில் வெளிர் கீற்று. இரண்டுமே பகலில் பெரும்பாலும் தலையை முதுகில் செருகித் தூங்கும், ராத்திரிதான் வயலுக்கு மேயப் போகும். ஒன்று தலை தூக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வரித்தலை வாத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளம் போவதே மேல்.

வாத்துக்காக வருகிறவர்கள் சின்னப் பறவைகளைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. கரையோரக் கோரைக்கும் சேற்றுக்கும் நடுவே பத்து நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். நீலகண்டன் வெளியே வரும்: நாலடி ஓடும், நிற்கும், வாலை நிமிர்த்தும். அந்த நொடியில் தொண்டையின் நீலம் தெரியும். பறந்து மறையும்போது வாலடியில் செங்கல் நிறத் திட்டு இரண்டு பக்கமும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கதிர்க்குருவிகளைக் கண்ணால் துரத்துவது வீண் வேலை. காதால் பிடிக்க வேண்டும். வேலிகாத்தான் புதருக்குள் “டெக், டெக்” என்று ஒன்று முணுமுணுத்தால் பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். புளியமர உச்சியில் “சிஸ்வீ” என்றால் பச்சைக் கதிர்க்குருவி. இரண்டும் குளிர்கால விருந்தாளிகள்.

ஏரியையும் மலையையும் ஒரே காலையில் முடிக்கத் திட்டம் போடாதீர்கள். அமிர்திக்கோ ஏலகிரிக்கோ பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் காடு அமைதியாகிவிட்டிருக்கும். ஆறுமணிக்குருவி பெயருக்கேற்ப விடியலிலும் அந்தியிலும்தான் குரல் கொடுக்கும். காப்புக்காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும், அதை முந்தின நாளே விசாரியுங்கள்.

மொபைலில் குரலைப் போட்டுப் பறவையை வெளியே இழுப்பதும், பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புவதும் தவறு என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் நடக்கிறது. மாசி, பங்குனியில் இந்த வாத்துகள் வடக்கே திரும்பும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் நேரம். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் சேர்த்தது செலவாகிறது.

கடைசியாக, பதிவு. “நிறைய வாத்து” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பத்துப் பத்தாக எண்ணி, தோராயமாகவாவது ஓர் எண் போடுங்கள். அரிதானது என்றால் மங்கலான படமானாலும் சேருங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நல்ல வாய்ப்பு. பொங்கலையொட்டிய நாட்களில் ஓரிடத்தில் பதினைந்து நிமிஷம் பார்த்து, பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் ஏற்றினால் போதும், மொட்டை மாடியில் நின்றுகூடச் செய்யலாம்.