ஷூ மாதிரியே ஒரு வண்டி செய்யலாம் வாங்க
ஹைதராபாத் சுதா கார் மியூசியம் போனவங்களுக்குத் தெரியும், ஷூ, பர்கர், கிரிக்கெட் பேட்னு எல்லாத்தையும் வண்டியாக்கி வெச்சிருப்பாரு மியூசியத்தை உருவாக்குன சுதாகர், அவரோட 41 அடி 7 அங்குல உயர ட்ரைசைக்கிள் 2005ல கின்னஸ்லயே வந்துச்சு, அவ்ளோ உழைப்பு!

நீங்க செய்யணும்னா மொதல்ல பழைய இன்ஜின், வீல், பிரேக்கை சேசிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல பூட்டி ஓட்டிப் பாருங்க, உருவம் அப்புறம்தான். நிஜ ஷூவையே டேபிள்ல வெச்சு அளங்க, 1 இஞ்சுக்கு 1 அடி, அப்போ 12 இஞ்ச் ஷூ 12 அடி நீளம், 4 இஞ்ச் அகலம் 4 அடி. கம்பியில கூடு கட்டி மேல மெல்லிசு தகடு அடிங்க, கனம் ஏறுனா இன்ஜின் திணறும்.

லேஸ் கட்டுற இடத்துல டிரைவர் கண்ணுக்கு நேரா பெருசா திறப்பு விடுங்க, ரோடு தெரியணும்ல. குதிகால் பக்கம் சூடு போக கிரில் வைங்க. மொத ஓட்டம் காலி மைதானத்துல, ஹெல்மெட்டோட.