ஏ.என்.ஏ. அறிக்கையில் ‘நியூக்ளியோலார்’ என்று வந்தால் படிப்பது எப்படி?

வண்ணாரப்பேட்டையிலோ பெரம்பூரிலோ இரத்தம் கொடுத்து வாங்கும் ஏ.என்.ஏ. (தன் உயிரணுக்களின் உட்கருவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் சோதனை) அறிக்கையில் பலரும் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கலங்கிப்போய், அதற்குக் கீழே உள்ள வரிகளைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மருத்துவருக்கு வழிகாட்டுபவை அந்த வரிகள்தாம்.

முதலில் சோதனை முறையைப் பாருங்கள். ‘இம்யூனோஃப்ளூரசென்ஸ்’ என்றிருந்தால், ஹெப்-2 என்னும் மனித உயிரணுக்களின் மேல் உங்கள் சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) இட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, எந்த இடம் பச்சையாக ஒளிர்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் ஒளிர்ந்தால் அது நியூக்ளியோலார் பேட்டர்ன். எலைசா என்னும் மற்றொரு சோதனை முறை குறிப்பிட்ட சில புரதங்களை மட்டுமே தேடுவதால் இந்த எதிர்ப்பொருள்கள் அதில் தப்பிவிடக்கூடும்; ஆகவே, அறிகுறிகள் இருந்தும் எலைசா நெகட்டிவ் என்று வந்தால், இம்யூனோஃப்ளூரசென்ஸ் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

1:80 போன்ற குறைந்த டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தும் ஒளிர்வு தெரிகிறது என்னும் அளவு) நோயற்றவர்களிடமும் காணப்படும்.

இந்தப் பேட்டர்னைக் கண்டால் மருத்துவர் முதலில் நினைப்பது, தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ் நோயை. ஃபைப்ரிலாரின் என்னும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நியூக்ளியோலஸில் திட்டுத்திட்டாக ஒளிரும். நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தத்தோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு. டிஎச்/டிஓ எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குத் தோல் இறுக்கம் குறைவாக இருந்தாலும் நுரையீரல் பாதிக்கப்படலாம். பிஎம்-எஸ்சிஎல் எதிர்ப்பொருள் என்றால் தசை அழற்சியும் சேர்ந்து வரலாம். எந்தப் புரதம் என்பதை உறுதிசெய்ய பிளாட் சோதனை (தனித்தனிப் புரதங்கள் பதித்த பட்டையில் எதிர்ப்பொருளைத் தேடுவது) வேண்டும்; வழக்கமான ஏ.என்.ஏ. புரொஃபைலில் ஃபைப்ரிலாரினும் டிஎச்/டிஓவும் பெரும்பாலும் இடம்பெறாததால், சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ் பேனலையே கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் பணம் கட்டிவிட்டு ‘எல்லாம் நெகட்டிவ்’ என்று நிம்மதி அடைவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

அறிக்கையோடு உங்கள் உடம்பையும் கவனியுங்கள். காசிமேட்டில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுப்பவருக்கு விரல் நுனி சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடேறியதும் சிவந்தால், அது ரெனாட் நிகழ்வாக இருக்கலாம். குளிரில் கை மரத்துப்போவது வழக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள். விரல் வீக்கம், படியேறும்போது மூச்சிரைப்பு, நெஞ்செரிச்சல், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றையும், எப்போது தொடங்கின என்பதோடு, எழுதி வையுங்கள்.

பிறகு ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் காட்டி, எக்கோ (இதய ஸ்கேன்), டிஎல்சிஓவுடன் (நுரையீரலிலிருந்து வாயு இரத்தத்துக்குள் செல்லும் திறனின் அளவு) நுரையீரல் செயல்திறன் சோதனை, தேவையானால் நெஞ்சு சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். மருந்துக்கடையில் தாமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கவே கூடாது: இந்நோயில், நாளுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோன் எடுப்பவர்களுக்கு, இரத்த அழுத்தம் திடீரென ஏறிச் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து கூடுகிறது.