பிரஸ்ஸல்ஸில் முடிவெடுத்தது யார்?

நாளிதழ் ஒன்றில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். சேர்ந்த புதிதில், பொருளாதாரத் தடை பற்றிய செய்தி ஒன்றை ‘ஐரோப்பா கவுன்சில்’ பெயரில் அச்சேற்றிவிட்டு, மறுநாள் ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தடை விதித்தது ஐரோப்பிய ஒன்றியம்; ஸ்டிராஸ்பூர்கில் இருக்கும் அந்த 46 நாடுகளின் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கமே அல்ல. பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்!

இப்போது புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது, கூடியவர்கள் யார் என்று பாருங்கள் என்பதுதான். பிரதமர்களும் அதிபர்களும் கூடினால் அது ஐரோப்பிய கவுன்சில். திசை காட்டுவார்கள், சட்டம் இயற்ற மாட்டார்கள். வெளியுறவு அமைச்சர்கள் கூடினால் ஒன்றிய கவுன்சில். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர், ஒன்றியத்தின் வெளியுறவுக் கொள்கையைக் கவனிக்கும் உயர் பிரதிநிதி. 2024 டிசம்பரில் அப்பொறுப்புக்கு வந்தவர் காயா கல்லாஸ். இப்பதவியில் இருப்பவர், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் துணைத் தலைவரும்கூட என்பதால், எந்தத் தொப்பியில் பேசினார் என்று பார்த்து எழுதுங்கள்.

அடுத்து, விஷயம் என்ன? வணிக ஒப்பந்தம் என்றால் பேச்சு நடத்துவது ஆணையம். ஐரோப்பிய நாடாளுமன்றம் தலையசைக்காமல் நிறைவேறாது. பொது வெளியுறவுக் கொள்கையில் அதே நாடாளுமன்றத்திடம் கருத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

தடைச் செய்தியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆணையத் தலைவர் புதிய தடைத் தொகுப்பை அறிவித்ததும் ‘தடை விதிப்பு’ என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அது வெறும் முன்மொழிவு. தடைக்கு முதலில் ஒன்றியத்தின் 27 நாடுகளும் ஒன்றிய கவுன்சிலில் ஒருமனதாக ஒரு ‘முடிவு’ எடுக்க வேண்டும். சொத்து முடக்கம், ஏற்றுமதித் தடை போன்றவற்றுக்கு அதன்மேல் ‘ஒழுங்குமுறை’ என்ற சட்டமும் தேவை. அதை உயர் பிரதிநிதியும் ஆணையமும் சேர்ந்து முன்மொழிவார்கள்; ஒன்றிய மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதத்தைக் கொண்ட 15 நாடுகளின் ஆதரவு போதும். ஆனால் முதல் படியில் ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் இரண்டாவது படிக்கு வேலையில்லை. ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டியிருப்பதால், ஜனவரி, ஜூலை மாத இறுதிகளை என் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

‘ஒருமனதாக’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. 2023 டிசம்பர் 14 அன்று உக்ரைனுடன் உறுப்பினர் பேச்சு தொடங்க ஐரோப்பிய கவுன்சில் ஒப்புக்கொண்டபோது, ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் அறையில் இல்லை. ஜெர்மனியின் அன்றைய சான்சலர் ஷோல்ஸ் சொன்ன யோசனைப்படி அவர் வெளியே போய்விட, மற்ற 26 பேரும் முடித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட நாளில் ‘27 நாடுகளும் ஆதரவு’ என்று எழுதாதீர்கள். ‘எதிர்ப்பின்றி’ என்று போடுங்கள்.