லினக்ஸில் மாட்டிய பிரிண்டரை விண்டோஸுக்கும் மேக்குக்கும் பகிர்வது எப்படி?

யுஎஸ்பி கேபிள் மட்டுமே உள்ள ஒரு லேசர் பிரிண்டர். உபுண்டு அல்லது மின்ட் லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று, விண்டோஸ் லேப்டாப் ஒன்று, மேக் ஒன்று. இப்படி இருந்தால் பிரிண்டரை லினக்ஸ் கணினியில் மாட்டுவதே நல்லது. விண்டோஸில் மாட்டிப் பகிர்ந்தால், பெரும்பாலும் மற்ற கணினிகளிலும் அந்த மாடலுக்கான டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) வேண்டும். பழைய மாடலுக்குப் புது மேக்கில் டிரைவர் தேடி அலைய வேண்டிவரும். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ், வருகிற கோப்பைப் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்குத் தானே மாற்றிவிடும். டிரைவர் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

அதனால் லினக்ஸிலிருந்து டெஸ்ட் பேஜ் ஒழுங்காக வரும்வரை பகிர்வில் கைவைக்காதீர்கள். எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரை (தனக்குள் ஓடும் மென்பொருளை) வாங்கிக்கொள்பவை. லினக்ஸுக்கான எச்பி டிரைவர் தொகுப்பான எச்பிலிப்போடு, எச்பியின் ப்ளகின் என்ற துணை மென்பொருளையும் நிறுவாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், தாள் மட்டும் வராது.

அடுத்து ரவுட்டரில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி பக்கத்தில் லினக்ஸ் கணினிக்கு ஒரு ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். இதை விட்டுவிட்டால், என்றாவது கரன்ட் போய் வந்ததும் முகவரி மாறி, விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும்.

லினக்ஸ் கணினியில்

1. பிரவுசரில் 127.0.0.1:631 என அடியுங்கள். ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ பக்கத்தில் ‘ஷேர் பிரிண்டர்ஸ் கனெக்டட் டு திஸ் சிஸ்டம்’ என்பதை டிக் செய்து ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ அழுத்துங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், உங்கள் கணினியே தனக்குத் தந்துகொண்ட சான்றிதழ் அது. லினக்ஸ் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். ‘அலவ் பிரிண்டிங் ஃப்ரம் தி இன்டர்நெட்’ டிக் ஆகாமலே இருக்கட்டும்.

2. ‘பிரிண்டர்ஸ்’ பக்கத்தில் உங்கள் பிரிண்டரைத் திறந்து, ‘மாடிஃபை பிரிண்டர்’ வழியே போய் ‘ஷேர் திஸ் பிரிண்டர்’ என்பதையும் டிக் செய்யுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

3. ஃபயர்வால் ஓடினால் அச்சு வேலை வரும் 631 டிசிபி, பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்க உதவும் 5353 யுடிபி ஆகிய இரு போர்ட்டுகளையும் திறந்துவிடுங்கள்.

விண்டோஸில்

முதலில் பிரவுசரில் 192.168.1.20:631 திறந்து பாருங்கள். கப்ஸ் பக்கம் வந்தால் பாதை சரி. அதில் ‘பிரிண்டர்ஸ்’ போய் உங்கள் பிரிண்டரைச் சொடுக்கி, மேலே தெரியும் முகவரியை அப்படியே காப்பி செய்யுங்கள். கையால் அடித்தால் 631 விடுபடும்; விண்டோஸ் 80ஆம் போர்ட்டில் போய்த் தேடும்.

பிறகு செட்டிங்ஸில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’, ‘ஆட் டிவைஸ்’, ‘ஆட் மேனுவலி’. ‘செலக்ட் எ ஷேர்ட் பிரிண்டர் பை நேம்’ கட்டத்தில் அந்த முகவரியை ஒட்டுங்கள். டிரைவர் கேட்டால் ‘மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர்’. அது பட்டியலில் இல்லையென்றால் ‘ஜெனரிக்’ என்பதன்கீழ் ‘எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டர்’. பிரிண்டர் கம்பெனியின் டிரைவரைப் போட ஆசை வரும், போடாதீர்கள். மாற்றும் வேலையை விண்டோஸும் கப்ஸும் ஆளுக்கொரு முறை செய்தால், தாள் தாளாகக் குப்பை எழுத்துகள் கொட்டலாம்.

மேக்கில் வேலையே இல்லை. பிரிண்டரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹி சேவை லினக்ஸில் ஓடினால் ‘ஆட் பிரிண்டர்’ பட்டியலில் பெயர் தானாக வரும். டிரைவர் இல்லாமல் அச்சிடும் ஆப்பிளின் முறையான ‘ஏர்பிரிண்ட்’ தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஐபோனிலும் அதே பிரிண்டர் தெரியும்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

‘ஃபர்பிடன்’ என்று வந்தால், அந்த லேப்டாப் வேறு நெட்வொர்க்கில் இருக்கிறதா பாருங்கள். கப்ஸ் தன் சொந்த நெட்வொர்க்கை மட்டுமே அனுமதிக்கும். இடையில் இரண்டாவது ரவுட்டர் இருந்தால், அதை ஆக்ஸஸ் பாயின்ட்டாக (தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபை மட்டும் தரும் கருவியாக) மாற்றினால் தீரும். கெஸ்ட் வைஃபையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் பக்கமே திறக்காது.

ஜாப் போய்ச் சேர்ந்தும் பிரிண்டர் விளக்கு மட்டும் சிமிட்டுகிறதா? விண்டோஸில் தாள் அளவு ‘லெட்டர்’ என்று இருக்கும். டிரேயில் இருப்பது ஏ4. இல்லாத தாளுக்காகப் பிரிண்டர் காத்திருக்கிறது. ‘பிரிண்டிங் பிரிஃபரன்ஸஸ்’ஸில் ஏ4 ஆக்குங்கள்.

காலையில் அச்சாகி மதியம் ஆகவில்லை என்றால் லினக்ஸ் கணினி தூங்கிவிட்டது. பவர் செட்டிங்கில் ‘சஸ்பெண்ட்’டை அணைத்துவிடுங்கள், திரை மட்டும் அணைந்தால் போதும்.